அரை மணிக்கு ஒரு புள்ளி

நல்லேப்பிள்ளி
17 நவம்பர் 2024

அன்புள்ள மாரிக்கு,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வாட்ஸாப்பில் உன் படம் காணாமல் போய்விட்டது. நம் வகுப்பு நர்மதாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பள்ளிக்கூடத்தில், லீவு கேட்டு. கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, கிழிக்காமல் படித்துவிடு.

பெரியமுத்து அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எஸ்டேட் லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று நர்மதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தோம். உன் அப்பாவை நானும் அப்பா என்றுதான் கூப்பிட்டேன். இதை நான் மூன்றாவது ஆள் வாயால் கேட்க வேண்டுமா? உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைக்காதே.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்.டெக் புராஜெக்டுக்காக ஆகஸ்டில் உங்கள் எஸ்டேட் ஏலக்காய் ஸ்டோரில் அந்தக் கருவியை மாட்டினேன். முதலாளி ஜோஜோ சாரிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததே நீதான். காய் உலரும் அறையின் சூட்டை அரை மணிக்கு ஒருமுறை அளந்து என் போனுக்கு அனுப்பும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அக்டோபரில் ஜோஜோ சார் கூப்பிட்டார். ஒரு லோடு காய் முழுக்க நிறம் வெளுத்து, தோல் வெடித்துப் போயிருக்கிறது, அது உலர்ந்த நாட்களில் சூடு எவ்வளவு இருந்தது என்று கேட்டார். இருந்ததைக் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம், ஒரு வரைபடம். ஐம்பது டிகிரிக்கு மேல் போனால்தான் காய் வெடிக்கும். ஐம்பது டிகிரியை எந்த நேரத்திலும் தாண்டவில்லை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா திருடினார் என்று நான் எங்கே எழுதினேன்? சூடு சரியாக இருந்தது என்று சொன்னால் அடுப்பைப் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அது நல்ல சர்ட்டிபிகேட் என்றுதான் நினைத்தேன். அதை வைத்து முதலாளி இப்படிக் கணக்குப் போடுவார் என்று எனக்கென்ன தெரியும்?

வைவா நன்றாக முடிந்தது. சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் வேலையும் கிடைத்திருக்கிறது. நமக்குப் பிடிக்காத அதே சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க முடியாதது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எங்கள் அப்பா விஷயத்தைக் கேட்டதும், "அந்தப் புள்ளையவும் அவிய அப்பா அம்மாளையும் நம்மூட்டுக்கு வரச்சொல்லு அம்மிணி. மேக்கால ரூமு சும்மாதான கெடக்குது" என்றார். நிஜமாகத்தான் சொல்கிறார். வருவீர்களா?

பதில் போடு. திட்டியாவது போடு.

மௌனி


அணக்கரை
26 நவம்பர் 2024

மௌனிகாவுக்கு,

திட்டியாவது போடு என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நீ என்னை வற்புறுத்த வேண்டியதே இல்லை.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. குமுளியில் ஓட்டல் ரிசப்ஷனில் நின்று யாருக்கோ ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா இருந்தாள். காய் எடுத்துவிட்டுக் கூடையோடு எடை போட வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஸ்டோர் வாசலில் அப்பாவை நிறுத்தி வைத்து, ஜோஜோ முதலாளி உன் தாளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, மெஷின் பொய் சொல்லுமா என்று தன் மலையாளத் தமிழில் கேட்டிருக்கிறார். "நோக்கு பெரியமுத்து, மெஷினு கள்ளம் பறயுமோ? சூடு கூடவே இல்ல. சூடு கூடாமெ காய் எங்ஙனே வெந்துபோகும்? அப்போ மூட்டையில உள்ளது நம்ம காய் இல்ல."

ஸ்டோர் சாவி அப்பாவிடம்தான் இருக்கும். இங்கே உலர்ந்த நல்ல காயை எவனுக்கோ கொடுத்துவிட்டு, எங்கேயோ கருகிய காயை மூட்டையில் போட்டுத் தைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன் தாள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அடுப்பைக் கவனிக்காமல் காயைத் தீய்த்துவிட்டான் கிழவன் என்று நாலு வசவு விழுந்திருக்கும். அதோடு போயிருக்கும். தீய்த்தவன் என்ற பேரோடு ஒரு மனுஷன் எஸ்டேட்டில் இருந்துவிடலாம். திருடன் என்ற பேரோடு இருக்க முடியாது. அம்மாவோடு இத்தனை வருஷம் ஒன்றாக வேலைக்குப் போன பெண்கள் இப்போது கடையில் பார்த்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் அரிசி மூட்டையைப் பார்க்கிறார்கள்.

எனக்கு எது தாங்கவில்லை என்றால், அப்பா வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அதுவே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், என்னிடமும் பேசவில்லை. உலகமெல்லாம் அவரைச் சந்தேகப்பட்டது சரி, ராத்திரி படுக்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

அணக்கரையில் கடை மாடியில் ஒரு அறை எடுத்திருக்கிறோம். மூன்று பேருக்குப் போதும். நல்லேப்பிள்ளிக்கு வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடு. அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. உன் வரைபடத்தை நான் பார்த்தேன். ஆற்றுத் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி ஒரு கோடு. மேடு இல்லை, பள்ளம் இல்லை. நீயும் அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்து சோளம் சுட்டுத் தின்றவள்தானே. விறகு போட்டால் எகிறும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். விறகடுப்பு எங்கேயாவது அப்படி ஒரே கோடாக எரியுமா? நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையா?

இனி எழுதாதே.

மாரீஸ்வரி


நல்லேப்பிள்ளி
8 டிசம்பர் 2024

மாரி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு வேண்டுமானால் எரித்துவிடு.

உன் கடிதம் வந்தபோது கோபம்தான் வந்தது. பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன். அன்றைக்குத்தான் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு முதல் பாடம். தொடர்ச்சியான சிக்னல் என்றால் என்ன, தனித்தனிக் கணங்களில் மட்டும் இருக்கிற சிக்னல் என்றால் என்ன. போர்டில் ஒரு வளைந்த கோடு போட்டேன். எந்த நொடியைத் தொட்டுக் கேட்டாலும் இதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றேன். அதற்குக் கீழே, அதே கோட்டிலிருந்து இடம் விட்டு இடம் விட்டுச் சில புள்ளிகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குச்சி நட்டேன். இது நாம் பார்த்த நேரத்தில் மட்டும் இருக்கிறது என்றேன். நம் வகுப்பில் இதே படத்தைப் பார்த்து நீ குச்சி மிட்டாய்க் கடை என்று எழுதி வைத்தாயே, அது ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது.

முதல் பெஞ்சில் கிருத்திகா என்று ஒரு பெண். "மிஸ், ரெண்டு குச்சிக்கும் நடுவுல அது பூஜ்யமா?" என்று கேட்டாள். எல்லாரும் செய்கிற தப்பு அது. நான் மனப்பாடமாக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "பூஜ்யம் இல்லை. நடுவில் அதற்கு மதிப்பே கிடையாது. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத இடத்தில் நீங்களாக எதையும் எழுதக்கூடாது." சொல்லிவிட்டு போர்டைப் பார்த்துத் திரும்பினேன். மாரி, தலைவலி என்று சொல்லி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

முதல் பாடம், முதல் பக்கம். அதைக்கூட நான் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைத் திறந்தேன். கருவி எனக்கு அனுப்பியது வெறும் புள்ளிகள்தான். வரைபடம் போடும்போது புள்ளிகளைச் சேர்க்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வைவாவில் பார்க்க நன்றாக இருக்கும் என்று சேர்க்கச் சொன்னேன். 'எந்த நேரத்திலும் ஐம்பதைத் தாண்டவில்லை' என்று எழுதியது எந்தத் தைரியத்தில்? நான் பார்த்த நேரத்தில் தாண்டவில்லை, அதுதான் உண்மை. நடுவில் இருந்த அரை மணி நேரத்தை நான் பார்க்கவே இல்லை. அங்கே இழுத்த கோடு கருவி போட்டதில்லை, நான் போட்டது. அதைத்தான் முதலாளி உன் அப்பா முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார்.

பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்றுதான் அரை மணி வைத்தேன். அறைச் சூடு மெதுவாகத்தானே மாறும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குமோ, அதற்கு இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் எத்தனை தடவை பரீட்சையில் எழுதியிருக்கிறோம்! போனில் வீடியோ எடுக்கும்போது ஓடுகிற காற்றாடி நிற்கிற மாதிரி தெரியுமே, அதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கருவி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், சூடு அளவோடு இருந்தால் பச்சை லைட்டும் தாண்டினால் சிவப்பும் எரியும். அந்தச் சத்தம் கேட்டு அப்பா எழுந்து விறகு போடுவதை வழக்கமாக்கியிருந்தால், கருவி எப்போதும் சூடு அடங்கியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கும். ஏறினதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்காது. எல்லாம் தற்செயல்தான், ஆனால் அந்தத் தற்செயலை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜோஜோ சாருக்குப் போன் செய்து சொன்னேன். நம்பவில்லை. 'கூட்டுக்காரி'க்காக, சிநேகிதிக்காகப் பேசுகிறாய் என்றார். நீ அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல். எந்த நேரத்தில் விறகு போட்டார்? அது தெரிந்தால் நான் நேரில் போய் நிரூபிப்பேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: வந்தது மாரி. கோடு இவ்வளவு நேராக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. புராஜெக்ட் நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் அந்த நினைப்பை நான் வளரவிடவில்லை.

மௌனி


அணக்கரை
22 டிசம்பர் 2024

மௌனி,

எரிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். பிறகு உன் கேள்வியை அப்பாவிடம் கொண்டுபோனேன். நேரே கேட்டால் பேசமாட்டார் என்று தெரியும். அம்மா வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். காலையில் பால் இல்லாத கட்டன் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏப்பா, மௌனியோட மெஷினு கத்துமே, அப்ப நீங்க என்ன பண்ணுவீக?"

"என்னத்தப் பண்ண. சும்மா இருப்பேன்."

"வெறகு போடுவீகளா?"

"கத்துனப்பறம் போடுவேன்."

நீ சொன்னது சரிதான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் காற்றாடிக் கதையை எனக்குத் தெரிந்த அளவில் அவருக்குச் சொன்னேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, மெஷின் பார்க்காத நேரத்தில் சூடு ஏறியிருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் தற்செயல் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றார்.

பிறகு மெதுவாக வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கத்தப்போற நேரம் எனக்கு அத்துபடி ஆயிருச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மேச்சன்னலத் தெறந்து விட்டுருவேன். மலக்காத்து சில்லுன்னு உள்ள வரும். மெஷினோட கண்ணு அங்கனக்குள்ளதேன் தொங்குது. கத்துறப்ப பச்ச லைட்டு எரியும். கத்தி முடிச்சதும் சன்னலச் சாத்திட்டு வெறக அள்ளிப் போட்டுருவேன்."

"எதுக்குப்பா?"

"மொதலாளி ஒரு லோடு எறங்குமுன்ன மறு லோடு ஏத்துன்னு நிக்காரு. மழைக்காயி, ஈரம் சொட்டுது. வெரசாக் காயணும்னா தீய ஏத்தித்தேன் ஆகணும். தீய ஏத்துனா செவப்பு லைட்டு எரியுது. மொத நாளு எரிஞ்சப்ப எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. செவப்பு விழுந்தா அந்தப் புள்ளைக்கு மார்க்கு போயிரும்ல?"

அவரே சொன்னார்.

"காயி வெடிச்சுருக்குன்னு மூட்ட கட்டுறப்பவே பாத்தேன். நல்ல காயோட கலந்து போயிரும்னு நெனச்சேன். அது என் தப்புதேன்."

"அத அன்னைக்கு மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதுதான? திருடன்னு சொன்னாகளேப்பா!"

"மெஷின நாந்தேன் ஏமாத்துனேன்னு சொன்னா, அம்புட்டுப் படிச்சு அந்தப் புள்ள செஞ்சது என்னத்துக்கு ஆகும்? திருடலன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் ஒங்காத்தாளுக்கும் தெரியும்ல?"

நான் தலையாட்டினேன். அந்த ராத்திரியில் வந்த ஒரு நிமிஷத்தை நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

மௌனி, அது தற்செயல் இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் அவர் உனக்காகத் துடைத்து வைத்திருக்கிறார். நீ வருகிறாய் என்றால் அம்மா நல்ல தட்டைத் தேடி எடுப்பாளே, அதுபோலத்தான். நீ அளக்கப்போன பொருளுக்கு உன்மேல் பாசம் இருந்தது. அதற்கு நம் புத்தகத்தில் பாடம் கிடையாது, அதனால் அதைத் தெரிந்துகொள்ளாததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது என்னை. ஆகஸ்டில் நீ கருவியை மாட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகு, அது என்ன பெட்டி என்று அப்பா கேட்டார். விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை எனக்கு. டூட்டிக்கு நேரமாகியிருந்தது. "பச்ச எரிஞ்சா மௌனி பாஸு, செவப்பு எரிஞ்சா பெயிலு, பாத்துக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

இதை நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நீ ஒன்றும் செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இருப்பது அநியாயம் என்று பட்டது.

மாரி


நல்லேப்பிள்ளி
12 ஜனவரி 2025

மாரி,

உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தேன். எங்கள் அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன். "எனக்குக் கருவியும் தெரியாது கிருவியும் தெரியாது. போலாம், கெளம்பு" என்றார். தனியாகப் போகிறேன் என்றால் விடவில்லை. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். மேலே ஏறியதும் குளிர் தாங்காமல் தலையில் என் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, "இந்தக் குளுருல எப்பிடீங்க ஒரு மனுசன் ராவெல்லாம் தனியா அடுப்புகிட்ட உக்காந்திருந்தாரு?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜோஜோ சார் முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் கெஞ்சினேன். ஒரே ஒரு லோடு, சத்தமும் லைட்டும் இல்லாமல், பத்து நொடிக்கு ஒருமுறை அளக்கும்படி மாற்றி மாட்டுகிறேன், பிறகு என்னை வெளியே போகச் சொல்லுங்கள் என்றேன். அப்பா நடுவில் புகுந்து, "ஏனுங்க, எம் புள்ள தப்புப் பண்ணிட்டேன்னு தானா வந்து சொல்லுது. கேட்டுக்கறதுல உங்களுக்கு என்னங்க சிரமம்?" என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலி வந்தது.

இப்போது அடுப்பில் ரிஜின் என்பவர் நிற்கிறார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, எப்போதும் போல வேலை செய்யச் சொன்னோம். காய் உலர்ந்து இறங்கியதும் வரைபடத்தை எடுத்தேன். வரிசையாக மலைகள் மாரி. நம் ஊர் மலைகளே அப்படி இருக்காது. விறகு விழும்போதெல்லாம் ஏறி, ஐம்பதைத் தாண்டி, அறுபதைத் தொட்டு இறங்கியிருக்கிறது. அதிலிருந்து அரை மணிக்கு ஒரு புள்ளியாக, அடிவாரத்தில் இருப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்தேன். உன் அப்பா முன்னால் பிடித்த அதே நேர்க்கோடு வந்தது. இரண்டு தாளையும் ஜோஜோ சார் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இது எதுக்கும் சாட்சி ஆகாது சார். நான் பார்க்காததைப் பார்த்ததா எழுதிக் கொடுத்துட்டேன்" என்றேன்.

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "பின்னே பெரியமுத்து ஏன் ஒண்ணும் பறயாமெ நின்னு?" என்று கேட்டார்.

நீ சொல்ல வேண்டாம் என்றது உன் அப்பாவுக்கு. இவரிடம் மறைத்தால் இன்னொரு கோடு இழுத்த பாவம் எனக்கு வரும். சொல்லிவிட்டேன். ஜன்னல், பச்சை லைட், இரண்டு லோடு அவசரம், எல்லாம். "எனக்காகத்தான் சார் பேசாம நின்னார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்வரை அப்பாவும் நானும் அந்த இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்கு வந்ததும் என் கைடிடம் போனேன். அளவுகள் செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புராஜெக்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வைவாவும் ரத்து. முதலிலிருந்து செய்ய வேண்டும். டிகிரி வராமல் கல்லூரியில் தொடர முடியாது, அதனால் அந்த வேலையும் இப்போதைக்கு இல்லை. இதைச் சொல்லி உன்னை இளக வைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது என்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்டேட்டிலிருந்து திரும்பும்போது அணக்கரையில் உங்கள் கடை மாடிக்குக் கீழே வந்து நின்றோம். மேலே கொடியில் பெரியமுத்து அப்பாவின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. படியில் கால் வைத்தேன். ஏற முடியவில்லை. எனக்காகப் பழியைச் சுமந்த மனுஷனிடம் என்ன சொல்லிக் கும்பிடுவது? எங்கள் அப்பா கடையில் டீ குடிப்பது போல நின்று எனக்காகக் காத்திருந்தார். கடைசியில் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

நான் வந்து அவரைப் பார்க்கலாமா மாரி? நீ சரி என்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கத்தான் ஆசை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மௌனி


அணக்கரை
2 பிப்ரவரி 2025

மௌனி,

நீ கீழே வந்து நின்றது எனக்குத் தெரியும். கடைக்காரர் சொன்னார். தலையில் துப்பட்டா கட்டின ஒரு பெரியவர் இரண்டு டீ வாங்கி இரண்டையும் அவரே குடித்தாராம்.

முதலாளி வந்தார். இந்த மாடிப் படியில் குனிந்து ஏறி வந்தார். திருடன் என்றது எல்லோர் முன்னாலும். தப்பு என்னுடையது என்றது எங்கள் மூன்று பேர் முன்னால் மட்டும். அதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாய் வரை வந்தது, அம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். ஆனால் மறுநாள் காய் எடைபோடும் நேரத்தில் பெண்களிடம் அவரே சொல்லியிருக்கிறார் என்று கேள்வி. இப்போது அம்மாவைக் கடையில் பார்த்தால் பேசுகிறார்கள். சிலர் தேவைக்கு மேலேயே பேசுகிறார்கள்.

திரும்பவும் ஸ்டோருக்கு வா, பழைய வீட்டிலேயே இரு என்று கூப்பிட்டார். அப்பா, "சரிங்க மொதலாளி" என்றார். இன்றுவரை போகவில்லை. நான் கேட்டால், "போவோம் போவோம்" என்கிறார். குளிக்க வெந்நீர் வைத்தால் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சூடு சரியா இருக்கா தாயி, நீ ஒருக்காப் பாரு" என்று என்னைக் கூப்பிடுகிறார். முப்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்ற மனுஷன். நான் பார்த்துச் சரி என்றால்தான் ஊற்றிக்கொள்கிறார். யார் மன்னித்தாலும் யார் மன்னிப்புக் கேட்டாலும் அது திரும்பி வராது போலிருக்கிறது. நாம் படித்தோமே, சில சிஸ்டங்களுக்கு நினைவு உண்டு, இன்றைக்கு உள்ளே என்ன போட்டாலும் பழையதும் சேர்ந்துதான் வெளியே வரும் என்று. அப்போது அது இரண்டு மார்க் கேள்வி.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. உன்னோடு பழையபடி சிரிக்க வருமா என்று தெரியாது. தெரியாத இடத்தில் நானாக எதையும் எழுதவில்லை.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கு முதலாளி படியிறங்கிப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அப்பா ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பேர் திரும்பி வந்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். என்னைக் கூப்பிட்டார். முதலாளிக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள பாஸாயிருச்சா?" என்று கேட்டார்.

உன் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. வைவா ரத்து, வேலை போய்விட்டது என்று நீ எழுதியதை அதற்கு முன்னால்தான் படித்து முடித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாப்பா, பாஸாயிட்டா" என்றேன்.

"அது போதும்" என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். அந்த ஸ்டோர் வாசலில் தலை குனிந்து நின்ற நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதனால் நீ இப்போது வராதே, மௌனி. வந்தால் உன்னிடமும் அதைத்தான் கேட்பார். அந்த முகத்துக்கு நேரே உனக்குப் பொய் சொல்ல வராது. பாஸாகிவிட்டு வா.

மாரி